இருபதடிப் பயணம்!

காய்ச்சலுக்காகச் சேர்த்தார்கள், காய்ச்சல் இறங்கிற்று. மூச்சுத் திணறலுக்காகச் சேர்த்தார்கள், திணறல் தணிந்தது. "நாளைக்கு வீட்டுக்கு அழைத்துப் போகலாம்" என்று டாக்டரும் சொல்லிவிட்டார். மகன் வண்டிக்குச் சொல்லி வைத்தான். மருமகள் கஞ்சிக்கு நொய் புடைத்து வைத்தாள். விடிவதற்குள் வருகிறது செய்தி: "பாட்டி பாத்ரூமுக்குப் போறப்ப விழுந்துட்டாங்க!" இடுப்பெலும்பு முறிவு. வந்த நோய் தீர்ந்தது. இருந்த நடை போயிற்று!

எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், தோழர்களே! இந்தக் கதை நடக்காத ஊர் எது என்று கேளுங்கள். எளிதில் விடை கிடைக்காது.

"வயசாச்சு, விழத்தான் செய்வாங்க" என்கிறார் பக்கத்துக் கட்டில்காரர். "நம்ம நேரம்" என்கிறாள் மகள். ஆரஞ்சுப் பழத்தோடு ஆறுதல் கூற வந்த உறவினரோ, "ஏழரை நாட்டுச் சனி, சொன்னேனே கேட்டீர்களா?" என்கிறார். சனிக் கிரகம் நூறு கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் சுற்றிக்கொண்டிருக்கிறது. கழிப்பறை வாசலில் தேங்கிக் கிடக்கும் தண்ணீரோ காலடியில் இருக்கிறது! காலடியில் கிடப்பதை விட்டுவிட்டு, கைக்கு எட்டாததைக் குற்றவாளிக் கூண்டிலே ஏற்றுகிறோம். சனிக்கு வாய் இல்லை, மறுத்துப் பேச. வார்டுக்கு மட்டும் வக்கீல்கள் பலர்!

நான் டாக்டர் அல்ல. பள்ளிப் படிப்போடு நின்றவன். ஆனால், விழுவதற்குக் காரணம் உண்டு என்பதை அறிய மருத்துவப் பட்டம் தேவையில்லை. கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் இடையே இருக்கும் அந்த இருபதடியை, ஓர் இரவு, கூடவே நடந்து பார்த்தால் போதும். நடந்து பார்ப்போமே!

இரவு 2 மணி. மூதாட்டிக்கு உறக்கம் வரட்டும் என்று ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கால் வீக்கம் வடியட்டும் என்று, நீர் பிரிய வேறொரு மாத்திரை. அது 'உறங்கு' என்கிறது. இது 'எழுந்திரு' என்கிறது! இரு கட்டளைகளுக்கும் இடையே, பாதிக் கண் திறந்தபடி எழுகிறார். படுத்திருந்தவர் சட்டென நிமிர்ந்தால் இரத்தம் காலுக்கு இறங்கும். இளமையில் உடல் அதை நொடியில் சரிக்கட்டிக்கொள்ளும். முதுமையில், அதிலும் இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுபவருக்கு, நேரமாகும். அந்த நேரத்துக்குள் கண் இருட்டுகிறது, தலை சுற்றுகிறது. கட்டிலோ உயரம், கால் தரையைத் தொடவில்லை, சறுக்கித்தான் இறங்கவேண்டும். கட்டிலுக்குச் சக்கரம் உண்டு, சக்கரத்துக்குப் பூட்டும் உண்டு, பூட்டியவர் யார்? கையிலே குளுக்கோஸ் ஏறுகிறது. பக்கத்தில் அதைத் தாங்கும் கம்பம். பிடிப்பதற்கு வேறொன்றும் இல்லாததால் அதைப் பிடிக்கிறார் — அது உருண்டோடுகிறது!

கைத்தடி எங்கே? வீட்டில்! கண்ணாடி எங்கே? அதுவும் வீட்டில்! "ஆஸ்பத்திரியில் படுத்துத்தானே இருக்கப்போறீங்க, அது எதுக்கு?" என்று வைத்துவிட்டு வந்துவிட்டோம். சங்க காலத்திலே ஒரு புலவர், தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயர். பூண் போட்ட கைத்தடியே அந்தப் புலவருக்குப் பெயராயிற்று. கோலை அவர் பெயரோடு சேர்த்துவைத்த நாட்டிலே, நாம் கோலைக் கதவிடுக்கில் சாத்திவிட்டுக் கிழவியைக் கட்டிலில் சாய்த்துவிட்டு வருகிறோம்!

செருப்பை வார்டு வாசலிலேயே கழற்றச் சொல்லிவிட்டார்கள். வெறுங்கால். வழவழப்பான தரை. அப்போதுதான் துடைத்திருக்கிறார்கள், துடைத்த துணியின் ஈரம் அப்படியே. வழியிலே விளக்கு ஒன்று எரிகிறது, ஒன்று எரியவில்லை. கழிப்பறை வாசலில் ஒரு படி, தண்ணீர் வெளியே வராமலிருக்கக் கட்டியது. தண்ணீரைத் தடுத்ததோ இல்லையோ, காலைத் தடுக்கிறது. உள்ளே சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. குந்தி உட்காரும் பீங்கான். உட்கார்ந்துவிடலாம், எழுவதெப்படி? 75 வயது முழங்கால், எதைப் பற்றிக்கொண்டு எழும்?

சிலருக்கு இன்னொரு துன்பம். பகலெல்லாம் தெளிவாகப் பேசியவர், பேரன் பெயரையெல்லாம் சரியாகச் சொன்னவர், இரவானதும் "மாட்டை அவுத்துக் கட்டணும், விடுங்கடா" என்று எழுந்து நடக்கிறார். பேய் பிடித்ததென்று மந்திரிக்கத் தாயத்துத் தேடுவாரும் உண்டு. டாக்டர்கள் அதை டெலிரியம் என்கிறார்கள்: நோய்த்தொற்று, மருந்து, நீர் வறட்சி, புது இடம், கெட்ட உறக்கம் எல்லாம் சேர்ந்து மூளையைக் கலக்கும் நிலை. காரணத்தைக் கண்டு சரிசெய்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். கண்டுபிடிக்கும்வரை அருகே ஓர் ஆள் வேண்டும். ஆள்!

"கூப்பிட்டிருக்கலாமே?" என்று கேட்கிறார்கள், விழுந்த பிறகு. யாரைக் கூப்பிடுவது? வார்டின் மறுகோடியில் ஒரு மேசை, அதிலே ஒரு நர்ஸ், அந்த ஒருவருக்கு வார்டு நிறைய நோயாளிகள். ஆயா வேறொரு வார்டுக்குப் போயிருக்கிறார். அவர் வந்தாலும், 'கையில் ஏதாவது' என்ற பேச்சு எழுமோ என்ற அச்சம். இவற்றையெல்லாம் விடப் பெரிது, நாணம். ஆயுள் முழுவதும் பிறருக்குப் பணிவிடை செய்தே பழகியவர், சிறுநீர் கழிக்க ஒருவரை எழுப்புவதா என்று கூசுகிறார். கூசுகிறவர் என்ன செய்கிறார் தெரியுமா? மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார், இரவில் எழாமலிருக்கலாம் என்று! உடலில் நீர் வற்றுகிறது. எழுந்தால் தலை இன்னும் அதிகமாகச் சுற்றுகிறது. தொல்லை தரக்கூடாது என்ற நல்லெண்ணமே தள்ளிவிடுகிறது!

விழுந்தால் என்ன ஆகும்? சிராய்ப்போடு தப்புவோரே பெரும்பாலோர், மறுக்கவில்லை. ஆனால் இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில், ஐவரில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை ஓராண்டுக்குள் இறந்துவிடுகின்றனர் என்று பல நாட்டு மருத்துவக் கணக்குகள் காட்டுகின்றன. பிழைத்தவர்களிலும் பலர் பழையபடி நடப்பதில்லை. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், அன்று ஒன்றும் தெரியாமல் போகலாம். நாட்கள், வாரங்கள் கழித்து மூளையைச் சுற்றிக் கசிந்த இரத்தம் தன் கணக்கைத் தீர்க்கக்கூடும். உலக முழுதும், வீட்டிலும் வீதியிலும் வேலையிடத்திலும் சேர்த்து, விழுந்து இறப்போர் ஆண்டுக்கு 6,84,000 பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் ஏழை, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். உயிரிழப்போரில் மிகுதியானவர்கள் 60 கடந்தவர்கள்.

எலும்பு முறியாதவருக்கும் ஒன்று முறிகிறது: துணிவு. ஒருமுறை விழுந்தவர் மறுமுறை எழவே அஞ்சுகிறார். வீட்டாரும் "நடக்காதீங்க, இருங்க, நாங்க பார்த்துக்கிறோம்" என்று அன்பாலேயே கட்டிலில் ஆணி அடித்துவிடுகிறார்கள். நடக்காத கால் மெலிகிறது. மெலிந்த கால் மீண்டும் விழுகிறது. அமெரிக்காவில் நோயில்லாத முதியவர்கள் 12 பேரை, சராசரி வயது 67, பத்தே நாட்கள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். 2007இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். கால்களில் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்துபோயிருந்தது! நோயே இல்லாதவருக்கு அந்த நிலை. காய்ச்சலில் கிடக்கும் நம் வீட்டுக் கிழவருக்கு?

இந்த இடத்தில்தான் 'எளிய வழி' ஒன்று தலைநீட்டுகிறது. கட்டிப் போடு! பஞ்சுத் துணியால் இரண்டு கையையும் கட்டில் கம்பியோடு கட்டு, விழமாட்டார் அல்லவா? அல்லது கட்டிலின் இருபுறமும் கம்பித் தடுப்பைத் தூக்கி நிறுத்து! மாடு கட்டும் தொழுவத்தில்கூடக் கயிற்றுக்கு நீளம் விடுவார்கள். சிறுநீர் முட்டுகிறவர் தடுப்பைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாரா? ஏறிக் குதிக்கப் பார்ப்பார்; மூன்றடி உயரத்திலிருந்து விழவேண்டியவர் நான்கடி உயரத்திலிருந்து விழுவார். கட்டிவைத்தவரோ திமிறித் திமிறிப் புண்படுவார். கட்டிலிலேயே கிடந்து முதுகில் புண் வரும். மலமும் சிறுநீரும் படுக்கையிலேயே. இதற்குப் பெயர் பாதுகாப்பாம்! அமெரிக்கா 1987இல், முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இப்படிக் கட்டிவைப்பதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தியது.

படுக்கையே பகை என்பதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் ஒரு பெண்மணி. டாக்டர் மார்ஜரி வாரன். 1935இல், இலண்டனுக்கு மேற்கே இருந்த வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, பக்கத்திலிருந்த ஏழையர் விடுதி மருத்துவமனையைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 714 படுக்கைகள். ஆண்டுக்கணக்காகப் படுத்துக் கிடந்த முதியவர்கள். இனி இவர்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை என்று உலகம் கைகழுவியவர்கள். அந்த அம்மையார் ஒவ்வொருவரையும் பரிசோதித்தார். வகை பிரித்தார். எழுப்பி உட்காரவைத்தார், நிற்கவைத்தார், நடக்கவைத்தார். சாவை எதிர்நோக்கிப் படுத்திருந்தவர்கள் பலர் வீட்டுக்குப் போனார்கள்! முதியோர் மருத்துவம் என்ற தனித்துறைக்கு அங்கேதான் அடித்தளம் அமைந்தது. 1947இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற இலண்டன் டாக்டர், படுக்கையினால் விளையும் கேடுகளை உறுப்பு உறுப்பாக எடுத்துக்காட்டி ஒரு கட்டுரையே தீட்டினார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் என்ன சொல்கிறோம்? "ஆடாம அசையாம படுங்க!"

சட்டத்தால், தண்டனையால் தடுத்துவிட முடியாதா? முயன்று பார்த்தது அமெரிக்கா. 2008 அக்டோபர் முதல், மருத்துவமனைக்குள் விழுந்து காயமடைந்தால் அந்தக் காயத்துக்கான கூடுதல் செலவை முதியோர் காப்பீடான மெடிக்கேர் கொடுக்காது என்றார்கள். கேட்கக் காதுக்கு இனிமை! முதியோர் மருத்துவ வல்லுநர்கள் 2009இலேயே எச்சரித்தனர்: விழுந்தால் பணம் போகும் என்றால், நிர்வாகம் நடக்கவிடுமா? நடக்கவிடாமல் செய்வதற்கே வழி தேடும்! கட்டிலிலிருந்து எழுந்தாலே ஊளையிடும் மின்மணிகளைப் பொருத்தினார்கள். அந்த மணிகளால் பயன் உண்டா என்று 16 வார்டுகளில் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். மணி அடித்தது, விழுந்தவர் எண்ணிக்கை குறையவில்லை. மணியடித்தால் ஓடிவர ஆள் வேண்டாமா? கோயில் மணியா அது, அடித்தாலே அருள் கிடைக்க!

ஆஸ்திரேலியாவில் 24 வார்டுகளில் பெரிய சோதனை. எச்சரிக்கைப் பலகை, தாழ்ந்த கட்டில், மணி என்று ஆறு ஏற்பாடுகள். 2016இல் முடிவு வந்தது: விழுவது குறையவில்லை! அப்படியானால் ஒன்றும் செய்ய முடியாதா? அங்கேயே, அதற்கு ஓராண்டு முன்னர், மறுவாழ்வு வார்டுகளில் வேறொன்று செய்து பார்த்திருந்தார்கள். கருவியை நம்பவில்லை, நோயாளியோடு உட்கார்ந்து பேசினார்கள். "அம்மா, உங்களுக்கு எப்போது தலை சுற்றும், எந்த நேரத்தில் எழுவீர்கள், யாரைக் கூப்பிடுவீர்கள்?" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே. விழுந்தோர் தொகை குறைந்தது. 2020இல் அமெரிக்காவிலிருந்தும் அதே செய்தி: நோயாளியையும் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு திட்டம் தீட்டி, அதைக் கட்டிலருகே எழுதித் தொங்கவிட்டதில், விழுவது நூற்றுக்கு 15 பங்கு குறைந்தது, காயம் படும்படி விழுவது நூற்றுக்கு 34 பங்கு குறைந்தது. ஆனால் உட்கார்ந்து பேச நர்சுக்கு நேரம் வேண்டுமே! நேரம் என்றால் ஆள். மீண்டும் ஆள்!

அந்தக் கணக்குக்கு வருவோம். போதனா மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற பொது மருத்துவமனையில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று இந்திய நர்சிங் கவுன்சில் விதி வகுத்தது. விதி தாளில் இருக்கிறது. இரவு 2 மணிக்கு வார்டுக்குள் சென்று கட்டில்களை எண்ணுங்கள்; பிறகு வெள்ளைச் சீருடைகளை எண்ணுங்கள்; கழித்துப் பார்க்கவும் வேண்டாம், கண்ணே சொல்லிவிடும். குறைந்த ஆட்களை வைத்துக்கொண்டு, விழுந்ததும் அந்த ஒற்றை நர்சுக்கு 'மெமோ' கொடுப்பதிலே மட்டும் சுறுசுறுப்பு! மெமோ கொடுத்தால் விழுவது நிற்காது, தோழர்களே. விழுந்ததை எழுதுவது நிற்கும். "கட்டிலில் படுத்திருந்தார், வலி என்றார்" என்று கேஸ் ஷீட்டில் ஏறும். மறைக்கப்பட்ட விழுகையிலிருந்து யார் என்ன கற்பது?

இங்கிலாந்தில் மருத்துவமனைகளுக்குள் விழுந்ததாக ஆண்டுக்கு 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட அறிக்கைகள் பதிவாகின்றன. "பார்த்தீர்களா, அங்கேயும்தான் விழுகிறார்கள்!" என்று துள்ளவேண்டாம். எண்ணுகிற நாட்டில் எண்ணிக்கை இருக்கும். 2019 முதல், மருத்துவமனைக்குள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஒவ்வொருவரையும் பற்றி, விழுமுன் என்ன செய்தீர்கள், விழுந்தபின் எப்படித் தூக்கினீர்கள், எவ்வளவு நேரத்தில் டாக்டர் பார்த்தார் என்று தனித்தனியே கேட்கிறார்கள். நம் நாட்டிலும் என்.ஏ.பி.எச். சான்று கேட்கும் மருத்துவமனைகள் விழுந்தோர் கணக்கு வைக்கவேண்டும். சான்றிதழ் மாட்டும் சுவருக்கு உள்ள மதிப்பு, மாநிலத்தின் கடைசித் தாலுகா ஆஸ்பத்திரியில் கிடக்கும் கிழவருக்கும் வேண்டாமா?

"கூட இருக்கும் உறவினர் என்ன செய்துகொண்டிருந்தார்?" என்பது அடுத்த கேள்வி. ஆம், நம் ஆஸ்பத்திரிகளை இன்று தாங்கிக்கொண்டிருப்பது அந்த 'அட்டெண்டர்'தான்: சம்பளமில்லாத நர்ஸ், சாப்பாடில்லாத ஆயா, படுக்கையில்லாத காவலாளி! மகளோ மருமகளோ, நாட்கூலியை விட்டுவிட்டு வந்து, வராந்தாவில் தாள் விரித்துப் படுத்திருக்கிறாள். ஆண் வார்டில் இரவில் பெண் தங்கக்கூடாது, பெண் வார்டில் மகன் தங்கக்கூடாது என்று விரட்டுவார்கள், விழுந்தால், "பக்கத்தில் இருந்திருக்க வேண்டாமா?" என்பார்கள். நான்கு இரவுகள் உறங்காதவள் ஐந்தாம் இரவு கண்ணயர்ந்தால் அதுவும் குற்றமா? உடன் ஒருவரும் வராத முதியவரும் வார்டிலே உண்டே, அவரை யார் பிடித்துக்கொள்வார்?

தமிழகம் ஒன்றும் அறியாத நாடல்ல. 1978இலேயே சென்னைப் பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவு தொடங்கிற்று, பேராசிரியர் வி. எஸ். நடராசன் முன்னின்றார். 1996இல் அத்துறைக்கு மேற்பட்டப் படிப்பும் சென்னை மருத்துவக் கல்லூரியில் வந்தது. 2024இல் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. பெருமைதான், மகிழ்கிறேன். ஆனால் 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 வயது கடந்தவர்கள் ஏறத்தாழ 75 இலட்சம் பேர். இன்று இன்னும் அதிகம். அத்தனை பேரும் கிண்டிக்கு வரமுடியாது. அவர்கள் விழுவது அவரவர் ஊர் ஆஸ்பத்திரியில்.

ஆகவே கேட்பதெல்லாம் என்ன? மாளிகை கேட்கவில்லை, மந்திரம் கேட்கவில்லை. கழிப்பறைச் சுவரில் இரண்டு கம்பி. வாசற்படியை உடைத்துச் சாய்தளம். முதியோர் வார்டில் உயரம் குறைந்த கட்டில், உட்கார்ந்து எழக்கூடிய கழிப்பறை. இரவில் அணையாத ஒரு சிறு விளக்கு. இரவு நேரத்துக்கு, முதியோரைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்வதையே வேலையாகக் கொண்ட ஓர் ஆள், கூப்பிடும்வரை காத்திராமல், இரண்டு மணிக்கொருமுறை தானே வந்து, "பாட்டி, போகணுமா?" என்று கேட்கும் ஆள். வார்டில் சேர்ந்த முதல் நாளே மாத்திரைகளை ஒருமுறை பார்த்து, உறக்க மாத்திரை உண்மையிலேயே தேவையா, நீர் மாத்திரையைக் காலையிலேயே கொடுத்துவிடலாமா என்று யோசிக்கும் டாக்டர். நாளுக்கு இருமுறை பிடித்து நடத்திச் செல்லப் பிசியோதெரபிஸ்ட். விழுந்தோருக்கென ஒரு பதிவேடு. நர்சைத் தண்டிக்க அல்ல, தரையைத் திருத்த. அந்தப் பதிவேட்டை மாதந்தோறும் நோயாளர் நலச் சங்கக் கூட்டத்திலே உரக்கப் படிக்கவேண்டும்.

வீட்டிலிருப்போருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் பிளாஸ்க் எடுத்துப் போகிறவர்கள் கைத்தடியையும், கண்ணாடியையும், வழுக்காத செருப்பையும் எடுத்துப் போங்கள். செருப்பைக் கழற்றச் சொன்னால் காரணம் சொல்லிக் கேளுங்கள். முதியவரை எழுப்பினால் உடனே நிற்கவைக்காதீர்கள். கட்டில் விளிம்பில் சற்று நேரம் உட்காரவைத்துப் பிறகு நிற்கவையுங்கள். விழுந்துவிட்டால் பதறிப்போய் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிடாதீர்கள். ஒரு கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பிக் கிடந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம், டாக்டர் வரட்டும். இரத்தம் உறையாமைக்கு மருந்து சாப்பிடுபவரென்றால், தலையில் அடிபட்டதா என்று பாருங்கள். பட்டிருக்குமோ என்ற ஐயம் இருந்தாலே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஊர் எம்.எல்.ஏ.வுக்கும், கவுன்சிலருக்கும் ஒரு விண்ணப்பம். புதுக் கட்டடம் திறக்க வரும்போது மாலையும் மேளமும் இருக்கும்; அதை வேண்டாமென்று சொல்லவில்லை. ஒரே ஓர் இரவு, முன்னறிவிப்பில்லாமல், 2 மணிக்கு அரசு ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டுக்கு வாருங்கள். ஒரு கட்டிலில் உட்காருங்கள், செருப்பைக் கழற்றுங்கள், கண்ணாடி போடுபவராயின் அதையும் கழற்றுங்கள், கழிப்பறைவரை நடந்து போய்த் திரும்பி வாருங்கள். பகல் 11 மணிக்கு வரவேண்டாம். அந்த நேரத்தில் தரை உலர்ந்திருக்கும்.